இலையான் என்றொருவர்

ஆக்லாந்தில் உள்ள பூச்சிகளுக்கெல்லாம் ஓட்டுரிமை கொடுத்து ஒரு தேர்தல் வைத்திருந்தால், ஓர் ஓட்டுக்கூடச் சிதறாமல் பூச்சியம்மா ஜெயித்திருப்பார். எதிர்த்து நின்ற எனக்கு டெபாசிட் போயிருக்கும். ஏனென்றால் நான் பூச்சி மருந்து அடிக்கிறவன்.

நானும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு விசா வாங்கி வந்த ஆள்தான். வந்த இடத்தில் பார்த்தவர்கள் எல்லாம் ‘லோக்கல் அனுபவம் இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். கேட்காத ஒரே ஜீவன் கரப்பான்பூச்சி. அன்றைக்கு முதுகில் ஏறிய மருந்து டப்பா இன்னும் இறங்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் கொலை, ஒரு நாள் இந்தப் பத்தி என்று என் பிழைப்பு ஓடுகிறது.

பூச்சியம்மாவின் சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கோயிலிலும் யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணப் பக்கம் ஒரு சின்னத் தபால் கந்தோரில் முப்பது வருஷம் முத்திரை குத்திவிட்டு, மகளோடு பிளாட் புஷ்ஷில் வந்து குடியேறியவர். ஒல்லியான உருவம். மற்றப் பெண்கள் கழுத்தில் சங்கிலி போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள். இவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். சுவாமி புறப்பாட்டின்போது எல்லோரும் சுவாமியைப் பார்க்க, இவர் மாலையில் ஏறிய எறும்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர்கள் ஊரில் சைபருக்குப் பூச்சியம் என்று பெயர். ஒரு நாள் வம்புக்கென்றே கேட்டேன்.

“ஏம்மா, ‘பூச்சியம் அம்மா’ன்னுதான எல்லாரும் கூப்பிடுறாங்க. கோவம் வராதா?”

“ஏன் தம்பி வரவேணும்? பூச்சியத்துக்கு முன்னால ஒரு ஒண்டு வந்து நிண்டால் பத்து. நான் அந்த ஒண்டு வருமோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.”

எங்கள் முதல் சந்திப்பைச் சொல்கிறேன். இந்தக் கதையைச் சொல்லி எத்தனை வீடுகளில் சிரிப்பு வாங்கியிருக்கிறேன் என்பதையும் பிறகு சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவருடைய மகள் சுகந்திக்கு ஆல்பனியில் ஆபீஸ். நகரத்தின் தெற்கு மூலையில் வீடு, வடக்கு மூலையில் வேலை. விடியும் முன்பே காரை எடுத்தால் பொழுதுபட்டுத்தான் திரும்புவார். போனில் அழைத்து, “அண்ணா, குசினி முழுக்க எறும்பு. அம்மா வீட்டில நிப்பா, ஒருக்கா வந்து பாருங்கோ” என்றார்.

நான் போய் மணியடித்தேன். கதவு ஒரு சாண் திறந்தது. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் நின்றார்.

“மெதுவா வாங்கோ தம்பி. இலையான் இருக்கிறார்.”

வீட்டுக்காரர் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் இளையான்குடி என்று ஓர் ஊரே இருக்கிறது. இலையான் என்று ஒரு மனுஷர் இருக்கக் கூடாதா? ஷூவைக் கழற்றினேன். டப்பாவைச் சத்தமில்லாமல் இறக்கிவைத்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்தேன்.

“சார் தூங்குறாங்களா?”

“இல்லை, இப்பதான் சாப்பிட்டவர். கை கழுவுறார்.”

“மெதுவா வரட்டும்மா. எனக்கு அவசரமில்ல.”

ஐந்து நிமிஷம் போனது. அம்மாள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “இன்னும் கழுவுறார். இனி முகம் கழுவித் தலை துடைப்பார்.”

“ரொம்ப சுத்தமானவங்க போல.”

“ஓம். எங்கள் எல்லாரையும் விட.”

“சாப்பாடெல்லாம் எப்படிம்மா? சுகர் கிகர் இருக்கா?”

“சுகர் எண்டால் அவருக்கு உயிர்.”

நான் உச்சுக்கொட்டினேன். என் மாமனாரும் அப்படித்தான். “ஜாக்கிரதையா பாத்துக்கங்க. காலுல புண்ணு வந்துட்டா ஆறாது.”

“எந்தக் காலைச் சொல்லுறியள்?” என்று அம்மாள் நிஜமான அக்கறையோடு கேட்டார். “அவருக்கு ஆறு காலெல்லே?”

எழுந்து சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு தேநீர்த் தட்டு, தட்டில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை, சர்க்கரையின் ஓரத்தில் முன்கால்கள் இரண்டையும் தேய்த்துக்கொண்டு ஓர் ஈ. அவர்கள் ஊரில் ஈக்கு இலையான் என்று பெயர். பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தில் அவர் வந்த நேரம், தின்ற நேரம், கை கழுவிய நேரம் எல்லாம் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது.

பழக்க தோஷத்தில் என் கை டப்பாவுக்குப் போனது. அம்மாள் குறுக்கே வந்து நின்றார்.

“எறும்புக்கெல்லே கூப்பிட்டவா. அவை எங்கயிருந்து வருகினம் எண்டு பாத்தியளோ?”

“பாக்க வேண்டாம்மா. அடிச்சாப் போயிரும்.”

“கடிதத்தை வாசிக்காமல் எரிக்கிற வேலை அது” என்றார், தபால் கந்தோர்க்காரி. குனிந்து பூதக்கண்ணாடியோடு எறும்பு வரிசையின் பின்னால் போனார். வரிசை அலமாரிக்குள் ஏறி, மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பனங்கட்டி டின்னில் முடிந்தது. டின்னைத் துடைத்து மூடியை இறுக்கினார். அரைமணி நேரத்தில் சமையலறையில் ஓர் எறும்பு இல்லை. அன்றைக்கு என் டப்பாவைத் திறக்காமலே வீடு திரும்பினேன்.

அவருக்கு இந்தக் கிறுக்கு பிடித்ததற்கு ஒரு வெள்ளைக்காரி காரணம். பாப்பட்டோட்டோயில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்த புத்தகம் அவரிடம் இருந்தது. விக்டோரியா மகாராணி காலத்தில் யாரோ ஓர் ஆங்கிலேய அம்மணி எழுதியது. வீட்டுக்குள்ளும் வேலியோரத்திலும் இருக்கிற சிலந்தி, நத்தை, குருவி, ஈ என்று பன்னிரண்டு அத்தியாயம். அட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லை. ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. பூச்சிக்காக உயிரை விட்டு எழுதியவளின் பெயரைப் பூச்சியே தின்று ஏப்பம் விட்ட கதையைப் பூச்சியம்மா சந்தோஷமாகச் சொல்வார். பெயர் தெரியாததால் அந்த அம்மணியைத் துரைசாணி என்றே குறிப்பிடுவார். ஏதோ பக்கத்து வீட்டில் இருப்பவரைப் போல.

“ஆம்பிளையள் சிங்கம் புலி பாக்கவெண்டு கப்பலேறிப் போட்டினம். சங்கத்தில சேக்க மாட்டம் எண்டு மனுசியைத் துரத்திப்போட்டினமாம், பின்பக்கத்தில ஒரு இடத்தில எழுதியிருக்கிறா. மனுசி என்ன செய்தவா? குசினி யன்னலுக்கால பாத்து எழுதினவா. சிங்கம் பாத்தவையின்ர புத்தகத்தை இப்ப ஆர் வாசிக்கினம்? துரைசாணியை நான் வாசிக்கிறன்.”

வாசித்ததோடு விட்டாரா? துரைசாணி இங்கிலாந்துக்கு எழுதியதை நான் ஆக்லாந்துக்குத் தமிழில் எழுதுகிறேன் என்று கிளம்பிவிட்டார். அதுவும் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் பதினாறு பக்கம், ஜெராக்ஸ் எடுத்து நடுவில் ஸ்டேப்ளர் அடித்தது. வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் நின்று, சுண்டல் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் கையில் ஒன்று திணிப்பார். ஒரு கையில் சுண்டலும் மறு கையில் செருப்புமாக வருகிறவர்களால் மறுக்க முடியாது. பாதிப் பேர் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு அதிலேயே கை துடைத்தார்கள் என்பதும் உண்மை.

ஆனால் நான் படித்தேன். தொழில் ரகசியம் ஏதாவது கிடைக்கும் என்று படிக்க ஆரம்பித்து, பிறகு சும்மாவே படித்தேன். மைனாவைப் பற்றி, ‘துரைசாணி காலத்துக் கப்பலில் வந்தவர்கள். நம் எல்லோருக்கும் முன்னால் இந்தியாவிலிருந்து இங்கே குடியேறி, இன்னமும் ஊர்ப் பாஷையிலேயே சண்டை பிடிப்பவர்கள்’ என்று எழுதியிருந்தார். ஓடில்லாத நத்தையைப் பற்றி இப்படி: ‘நத்தையார் வீட்டைச் சுமந்து திரிகிறவர். இவர் வீட்டை எங்கோ விட்டுவிட்டு வந்தவர். மழை பெய்தால் மட்டும் வெளியே வருவார். அவரிடம் வீடு எங்கே என்று கேட்காதீர்கள்.’ அவருடைய ஊரில் வீடு இருந்த இடத்தில் இப்போது வீடு இல்லை என்பதைச் சுகந்தி பிறகு ஒரு நாள் சொன்னார்.

பூச்சியம்மா எந்த ஜீவனையும் ‘அது’ என்று எழுத மாட்டார். அவர், இவர், வந்தவர், போனவர்தான். துரைசாணியோடு அவருக்கு இருந்த ஒரே சண்டை அதுதான். “நல்லாத்தான் எழுதியிருக்கிறா. ஆனால் எல்லாரையும் ‘இட், இட்’ எண்டு எழுதியிருக்கிறா. கவுண்டருக்கு வாற ஆளைப் பேர் தெரியாட்டிலும் நாங்கள் ‘அது’ எண்டு சொல்லுறதில்லையே, தம்பி.” இந்த மரியாதைதான் கடைசியில் அவரைக் கவிழ்த்தது.

ஐந்தாவது புத்தகத்தால் கோயிலில் கலவரம் வந்தது. அதில், ‘கொசு கடிக்க மாட்டார். அழுகிய பழத்தில் மட்டுமே இருப்பார். கையில் வந்து இருந்தால் பயப்படாதீர்கள்’ என்று எழுதியிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் மதுரைக்காரர் ஒருவர் வீங்கின காலோடு வந்து வேட்டியைத் தூக்கிக் காட்டினார்.

“கடிக்காதுன்னு எழுதியிருக்கீங்களேம்மா, இது என்ன முத்தமா?”

“கடிச்சவர் நுளம்பு. நான் எழுதினது கொசு.”

“கொசுதான்மா கடிச்சுது!”

“கொசு கடிக்க மாட்டார் எண்டுறன்!”

அரைமணி நேரம் இப்படியே போனது. அவர்கள் கொசு என்பது பழத்தில் மொய்க்கிற பொடி ஈ. நாம் கொசு என்பதை அவர்கள் நுளம்பு என்கிறார்கள். அடுத்த புத்தகத்தின் பின்னட்டையில் கட்டம் கட்டி ஒரு திருத்தம் வந்தது: ‘இந்தியத் தமிழருக்கு மட்டும். கொசு என்பது நுளம்பு அல்ல.’ அதிலிருந்து ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தக் கட்டம் இடம்பெற்றது. மட்டைத்தேள் என்றால் பூரான், மசுக்குட்டி என்றால் கம்பளிப்பூச்சி. ஈ பன்னிரண்டாவது புத்தகத்துக்குரியவர். துரைசாணியும் ஈயைக் கடைசியில்தான் வைத்திருந்தாராம். ஆகவே இலையான் யார் என்ற திருத்தம் அச்சில் வரவே இல்லை.

அச்சில் வரவில்லையே தவிர, என் வாயில் தினமும் வந்துகொண்டிருந்தது. இலையான் கதை என் கச்சேரியில் மங்களம் மாதிரி. பிறந்தநாள், வளைகாப்பு, எங்கே நாலு பேர் கூடினாலும், “பூச்சியம்மா வீட்ல இலையான்னு ஒருத்தர் இருக்காரு தெரியுமா?” என்று ஆரம்பிப்பேன். கை கழுவுகிறார், முகம் துடைக்கிறார், சுகர் பேஷண்ட் என்று இழு இழு என்று இழுத்து, ஆறு காலைக் கடைசிவரைக்கும் பிடித்துவைத்திருப்பேன். வெஸ்ட்கேட்டில் ஒரு புதுமனை புகுவிழாவில் நான் சுகர் வரைக்கும் வந்தபோது, “சாப்பாடு ரெடி” என்று குரல் வந்தது. கூட்டத்தில் பாதி எழுந்து வரிசைக்குப் போய்விட்டது. மீதிப் பேருக்கு ஆறு காலைச் சொல்லி முடித்தேன். பாதிக் கதையோடு போனவர்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை. சாம்பாரைக் கண்டதும் ஓடுகிறவனுக்கு நகைச்சுவை எதற்கு என்று நினைத்தேன்.

போன குளிர்காலத்தில் பூச்சியம்மாவை இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை கோயிலில் காணவில்லை. நாலாவது வாரம் சுகந்தி அழைத்தார்.

“அண்ணா, அம்மான்ர அறைக்கு மருந்து அடிக்கவேணும். எல்லாம் பூச்சி.”

“அம்மா விட மாட்டாங்களேம்மா!” என்று சிரித்தேன்.

“அம்மா இல்லை, அண்ணா. ரெஸ்ட் ஹோமில விட்டிட்டம்.”

போனேன். மழையில் ஓடில்லாத நத்தையைப் பார்க்கப் புல்லில் இறங்கி வழுக்கி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு எறும்பு பார்க்கப் போய், வீட்டில் புகை அலாரம் கத்தியிருக்கிறது. பகலெல்லாம் தனியாக இருக்கிற வயதானவர் என்பதால், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்னால் ஓர் அம்மணி வந்து பேசி மதிப்பீடு செய்திருக்கிறார். மகள் கூட இருந்தால் மனம்விட்டுப் பேச மாட்டார் என்று சுகந்தியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

“அதில அம்மா ஆரோ ஒரு ஆம்பிளை வாறார் எண்டு சொன்னவவாம்” என்று சுகந்தி குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எலியன் எண்டு பேர். ஒருத்தரும் வீட்டுக்கு வாறேல்லை, அண்ணா. கமெராகூடப் பாத்தனான். இல்லாத ஆளைக் காணுறா எண்டு சொல்லி, மறதி நோய்க்காரரை வைக்கிற பூட்டின பகுதியிலதான் விடவேணும் எண்டிட்டினம்.”

ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. இந்த எலியன் தினமும் பகலில் வருகிறாராம். இவர் கையின் மேல் உட்காருகிறாராம். ஓயாமல் கை கழுவுகிறாராம். சட்டையைக் காலால் துடைக்கிறாராம். சாப்பாட்டின் மேல் துப்பிவிட்டு, பிறகு அதையே உறிஞ்சிச் சாப்பிடுகிறாராம். அவர் வராத நாளில் இந்த அம்மாளுக்கு மனம் சரியாக இருப்பதில்லையாம்.

நான் சிரித்துவிட்டேன். கடவுளே, என்னால் அடக்க முடியவில்லை, அந்த வெறும் அறையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சுகந்தி என்னை வெறித்துப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“சுகந்தி, எலியன் இல்லம்மா. இலையான்.”

அவர் காகிதத்தை வாங்கி வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“சட்டை இல்லை, செட்டை” என்றார். அவர்கள் ஊரில் இறக்கைக்குச் செட்டை என்று பெயர். “செட்டையைத் துடைக்கிறார் எண்டு சொல்லியிருக்கிறா. அண்ணா, நான் இதை நாலு தரம் வாசிச்சனான். இங்கிலீசில வாசிச்சனான், இலையான் எண்டு எனக்கு வாயில வரேல்லை. அம்மாட்டயும் கேட்டனான், ஆரம்மா அந்த எலியன் எண்டு. எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது, பிள்ளை எண்டு சொன்னவா. அதையும் மறந்திட்டா எண்டு நினைச்சிட்டன்.”

அன்றைக்கும் நான் டப்பாவைத் திறக்கவில்லை. சுகந்தி அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகப் போன் பண்ணினார். தவறு என்று சொன்னால் உடனே திருத்திவிடுவார்களா? மறுபடி மதிப்பீடு செய்ய வேண்டும், அதற்கு வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அடுத்த நேரம் கிடைப்பது இரண்டு வாரம் கழித்து வரும் வியாழக்கிழமை என்றார்கள். அதுவரைக்கும் அவர் அங்கேதான் இருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரைப் பார்த்தேன். பகுதி நேரமாகப் போனில் மொழிபெயர்க்கிறவர், நல்ல மனிதர். யாரென்று குறிப்பிடாமல், “இலையான்னா என்னன்னு தெரியுமா சார்?” என்று கேட்டேன்.

“ஆள் பேருதானே சார்? நீங்கதான சொன்னீங்க, வெஸ்ட்கேட்ல! கை கழுவிக்கிட்டே இருப்பாரு, சுகர் பேஷண்ட்னு.” பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, “அன்னிக்கு முடிவு கேக்கல சார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாங்க” என்றார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிப் போனில் இருந்தவர் இவர்தான் என்று புரிந்தது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் என்னவென்று கேட்டிருப்பார். தெரிந்த ஆளாக நான் ஆக்கிவைத்திருந்தேன். இருபது வருஷமாக எத்தனையோ லட்சம் உயிரைக் கொன்றிருக்கிறேன், ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. அந்த வாரம் கெட்டது.

வெறும் கையோடு அவரைப் போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. பழம் வாங்கலாமா என்று யோசித்தேன். பிறகு எனக்கே ஒன்று தோன்றியது. ஓர் ஈயைப் பிடித்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன்.

ஜூலை மாத ஆக்லாந்தில் உயிருள்ள ஈயைத் தேடி நீங்கள் அலைந்ததுண்டா? மழை, குளிர், எங்கும் கதவடைப்பு. மீன் கடைக்குப் போனேன், குப்பைத் தொட்டிகளைத் திறந்து பார்த்தேன், வெஸ்ட்கேட் கடைத்தெருவில் சாப்பிடும் இடத்தில் ஒன்றரை மணி நேரம் ஒரு வடையை வைத்துக்கொண்டு காவல் இருந்தேன். ஈ இல்லை. போகிற இடமெல்லாம் என் கைவரிசை. நான் அடித்த மருந்தை நானே சபித்தேன். மூன்றாம் நாள், என் வாடிக்கையாளர் ஒருவரின் உணவகச் சமையலறையில் அவரைக் கண்டேன். ‘பூச்சியற்ற சமையலறை’ என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

“சார், ஈ! ஈ இருக்கு சார்!” என்று சமையல்காரர் துணியோடு பாய்ந்தார்.

“கத்தாதீங்க. பயந்துருவாரு” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஊறுகாய் பாட்டிலும் ஒரு கல்யாணப் பத்திரிகையுமாக இருபது நிமிஷம் போராடிப் பிடித்தேன். ஈ அடிப்பது என் தொழில். ஈ பிடிப்பது தனிக் கலை.

அந்த முதியோர் இல்லத்தின் கதவு எண்களை அழுத்தினால்தான் திறக்கும். உள்ளே சூடான காற்று, லாவெண்டர் வாசனை. ஜன்னல்கள் திறக்க முடியாதவை. தொழில்காரன் கண்ணுக்கு ஒரு பார்வையில் தெரிந்தது, மருந்து அடிப்பவன் சுத்தமான வேலைக்காரன். ஓர் எறும்பு, ஒரு நூலாம்படை கிடையாது.

பூச்சியம்மா ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். பாதியாக இருந்தார். பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்கள், கயிறு கழுத்தை இறுக்கிவிடும் என்று. மடியில் நோட்டு. இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. தினத்துக்கு ஒரு வரி. ‘இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை.’ அடுத்த நாளும் அதுவே. பக்கம் முழுக்க அதுவே. மகள் தினமும் ஆல்பனியிலிருந்து நேரே இங்கே வந்துபோகிறார் என்பது எனக்குத் தெரியும். பூச்சியம்மா எழுதியது மனிதர்களைப் பற்றி அல்ல.

நான் ஊறுகாய் பாட்டிலை மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன்.

விருந்தாளி வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அவருடைய மாவுக்கட்டின் மேல் இறங்கி, கை கழுவ ஆரம்பித்தார்.

“இலையான்!” என்று பூச்சியம்மா கத்தினார். “இலையான் வந்திட்டார்!”

சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்தார். மலையாளத்துப் பெண். அந்தப் பெயர் கோப்பில் இருக்கிறதல்லவா, முகம் வெளிறிவிட்டது. “அம்மே, யாரும் இல்ல அம்மே. பயப்படாதே” என்று தோளைப் பிடித்தார்.

“உந்தா இருக்கிறார், பிள்ளை!” என்று மாவுக்கட்டை நீட்டினார் பூச்சியம்மா.

நர்ஸ் குனிந்து பார்த்தார். மாவுக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது ஈச்சயல்லே?”

“ஆமா சிஸ்டர். உங்களுக்கு ஈச்ச. எங்களுக்கு ஈ. அவங்களுக்கு இலையான். அவ்வளவுதான்.”

“மூண்டு கிழமையாச் சொல்லுறன்” என்றார் பூச்சியம்மா அமைதியாக. “ஒருத்தருக்கும் விளங்கேல்லை. எனக்கே சந்தேகம் வந்திட்டுது, பிள்ளை. விசர்தானோ எண்டு.”

நர்ஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கே, இலையான் என்றால் ஈ என்று எழுதி மேலே அனுப்பினார். அந்த அறையில் ஈ இருப்பதை மட்டும் அறிக்கையில் சேர்க்கவில்லை.

நர்ஸ் போன பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெஸ்ட்கேட், சாப்பாட்டு வரிசை, பாதிக் கதை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

“எல்லாரும் சிரிச்சவையோ?” என்று கேட்டார்.

“சிரிச்சாங்கம்மா.”

“நல்லாத்தான் சொல்லியிருப்பியள். ஆனால் முடிவைச் சொல்லாமல் ஆக்களைச் சாப்பிட விடக்கூடாது, தம்பி.” பிறகு பாட்டிலைப் பார்த்தார். “நீங்களே பிடிச்சனியள்? உயிரோடயே?”

“ஆமாம்மா.”

“கை நடுங்கியிருக்குமே” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். “பன்னிரண்டாவது புத்தகத்தில கட்டம் கட்டிப் போடவேணும். மறந்துபோனால் ஞாபகப்படுத்துங்கோ.”

வியாழக்கிழமை மதிப்பீடு. அதற்கு முந்தின ஞாயிறு நெஞ்சில் சளி கட்டியது. அந்த இல்லத்தில் பலருக்கும் இருந்த காய்ச்சல்தான். திங்கட்கிழமை பகலில் பூச்சியம்மா இறந்துபோனார். சுகந்தி ஆல்பனியிலிருந்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

மறு மதிப்பீடு தேவையில்லை என்று ரத்து செய்துவிட்டார்கள். இல்லாத ஆளுக்கு எதற்கு மதிப்பீடு? நியாயம்தான். அதனால், நர்ஸ் எழுதி அனுப்பியிருந்தும் கோப்பு திருத்தப்படவில்லை. அந்தக் காகிதங்களில் இன்றைக்கும் அவர், எலியன் என்ற ஆணைக் கண்டு பேசிக்கொண்டிருந்த புத்தி கலங்கிய கிழவிதான். என் பாதிக் கதை அங்கே முத்திரை குத்தப்பட்டு இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

சுகந்தி நோட்டை என்னிடம் கொடுத்தார். நான் போன நாளுக்குரிய பக்கத்தில் இப்படி இருந்தது: ‘இண்டைக்கு ரெண்டு பேர் வந்தவை. இலையானும் தம்பியும்.’ அதற்குப் பின் பன்னிரண்டாவது புத்தகத்தின் முதல் வரி மட்டும் எழுதியிருந்தார். ‘உலகத்தில் எந்த வீட்டிலும் ஒருவரும் வாங்கோ என்று சொல்லாத ஒருவரைப் பற்றி எழுதப் போகிறேன்.’

அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது. அவர் போடச் சொன்ன கட்டத்தை மட்டும் போட்டுவிடுகிறேன். இந்தியத் தமிழருக்கு மட்டும்: இலையான் என்பது ஆள் அல்ல, ஈ.

இப்போது இங்கே வசந்தம் வந்துவிட்டது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது திறந்த ஜன்னல் வழியாக ஒருவர் வந்து, என் காபி டம்ளரின் விளிம்பில் இறங்கிக் கை கழுவ ஆரம்பித்தார். என் மனைவி பேப்பரை மடித்துக்கொண்டு வந்தாள்.

“என்னங்க, கையை எடுங்க. அடிக்கணும்.”

“இரு” என்றேன். டம்ளர் பக்கம் குனிந்து, மெதுவாக, “வாங்கோ” என்றேன். விருதுநகர் வாயில் அந்தக் ‘கோ’ சரியாக வரவில்லை. இரண்டாவது தடவை சொல்லிப் பார்த்தேன், கொஞ்சம் வந்தது.